டோக்கன்2049-க்கு முதல்முறை போகிறேன், என்ன எதிர்பார்க்கலாம்?

கேள்வி: "அக்கா, எனக்கு 26 வயது. கோவையில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. பஞ்சு எந்த மில்லில் நூலானது, துணி எந்தச் சாயப்பட்டறைக்குப் போனது என்பதையெல்லாம் பிளாக்செயினில், அதாவது பலர் கையில் நகல் இருப்பதால் பின்னால் மாற்ற முடியாத பதிவேட்டில், பதிந்துவைக்கும் சிஸ்டம் ஒன்றைத் திருப்பூர் எக்ஸ்போர்ட் கம்பெனிகளுக்காகச் செய்கிறோம். ஹைப்பர்லெட்ஜர் ஃபேப்ரிக் என்ற பிளாக்செயின் மென்பொருளில் ஓடுகிறது. எங்கள் எம்.டி. என்னையும், சேல்ஸில் இருக்கும் ஓர் அண்ணனையும் சிங்கப்பூரில் நடக்கும் டோக்கன்2049 என்ற கிரிப்டோ மாநாட்டுக்கு அனுப்புகிறார். டிக்கெட் எடுத்தாகிவிட்டது. நான் இதுவரை எந்த மாநாட்டுக்கும் போனதில்லை. ஆங்கிலம் எழுத வரும், பேசும்போது தடுமாறுவேன். அங்கே யாரிடம் என்ன பேசுவது? காயின் வாங்கச் சொன்னால் என்ன செய்வது? அப்பாவுக்கு இது எம்.எல்.எம். கூட்டமாக இருக்குமோ என்று பயம். 'ஈமு கோழிக்காரனும் இப்படித்தான் மேடை போட்டுப் பேசினான்' என்கிறார். அவருக்கும் சேர்த்துப் பதில் சொல்லுங்கள்." (கோவை வாசகி)

பதில்:

அன்புத் தங்கைக்கு,

அப்பாவின் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கொங்கு நாட்டில் ஈமு கோழி மோசடியையும் பாசி ஃபாரெக்ஸ் மோசடியையும் கண்ணால் பார்த்த ஒருவர் இதைக் கேட்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். நான் செய்வது ஸ்மார்ட் கான்ட்ராக்ட் ஆடிட், அதாவது பணம் கைமாறும் கோடில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும் வேலை. சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். அதனால் அப்பா பக்கம்தான் நான் முதலில் நிற்பேன்.

நீங்கள் போகும் மாநாடு எம்.எல்.எம். கூட்டம் கிடையாது. ஆள் சேர்த்தால் கமிஷன் என்று அங்கே யாரும் நாற்காலி போட்டு வகுப்பெடுக்க மாட்டார்கள். காயின் வாங்கி விற்கும் எக்ஸ்சேஞ்ச் நடத்துகிறவர்கள், புதிய பிளாக்செயின் கட்டுகிறவர்கள், முதலீட்டாளர்கள், வக்கீல்கள், ஆடிட்டர்கள், காயின் வைத்துக்கொள்ளும் வாலட் ஆப் தயாரிப்பவர்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் வியாபாரம் பேசிக்கொள்ளும் இடம் அது. ஆனால் மேடை பற்றி அப்பா சொன்னது முழு உண்மை. 2016-ல் ஒன்காயின் என்ற போலி காயினை விற்ற கும்பலின் தலைவி ருஜா இக்னடோவா லண்டன் வெம்ப்ளி அரங்கத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் கைதட்டப் பேசினார். அடுத்த ஆண்டே காணாமல் போனார், இன்னும் தேடுகிறார்கள். பிட்கனெக்ட் என்ற இன்னொரு காயின் மோசடி 2017 அக்டோபரில் தாய்லாந்தின் பட்டாயாவில் பெரிய விழா எடுத்தது. 2018 ஜனவரியில் கடையை மூடியது. இவை இரண்டும் மோசடிக்காரர்களே போட்டுக்கொண்ட மேடைகள் என்று நீங்கள் சொல்லலாம். சரி, 2022 ஏப்ரலில் பஹாமாஸில் எஃப்.டி.எக்ஸ். என்ற பெரிய கிரிப்டோ எக்ஸ்சேஞ்ச் சேர்ந்து நடத்திய மாநாட்டைப் பாருங்கள். அமெரிக்க முன்னாள் அதிபர் பில் கிளின்டனும் பிரிட்டன் முன்னாள் பிரதமர் டோனி பிளேரும் அதன் தலைவர் சாம் பேங்க்மன்-ஃப்ரைடோடு ஒரே மேடையில் உட்கார்ந்திருந்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் எஃப்.டி.எக்ஸ். திவால்.

ஆக, மேடையில் யார் இருக்கிறார்கள் என்பதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். எத்தனை பெரிய ஸ்டால் போட்டிருக்கிறார்கள் என்பதை வைத்தும் வராதீர்கள். ஸ்பான்சர்ஷிப் பேக்கேஜோடு பேச்சு நேரமும் சேர்ந்து வருவது இந்தத் துறை மாநாடுகளில் சர்வ சாதாரணம். ஸ்டால் எடுத்திருப்பதாலேயே ஒரு கம்பெனிக்குச் சிங்கப்பூர் நாணய ஆணையமான மாஸின் லைசென்ஸ் இருக்கிறது என்றும் பொருளில்லை. மாஸின் இணையதளத்தில் அனுமதி பெற்ற நிதி நிறுவனங்களின் பட்டியல் இருக்கிறது, எச்சரிக்கைப் பட்டியல் ஒன்றும் தனியாக இருக்கிறது. பெயரைப் போட்டுத் தேட ஒரு நிமிஷம் ஆகாது. சிங்கப்பூர் இதில் இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. 2022-ல் சரிந்த கிரிப்டோ கம்பெனிகளான டெர்ராஃபார்ம் லேப்ஸ், த்ரீ ஏரோஸ் கேப்பிட்டல் இரண்டுக்கும் அந்த ஊரோடு தொடர்பு இருந்தது. கிரிப்டோ கம்பெனிகள் பொது இடங்களில் மக்களைக் குறிவைத்து விளம்பரம் செய்யக் கூடாது என்று 2022 ஜனவரியிலேயே மாஸ் வழிகாட்டுதல் வெளியிட்டது. சிங்கப்பூரில் இருந்துகொண்டு வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு மட்டும் கிரிப்டோ சேவை தருகிற கம்பெனிகளும் லைசென்ஸ் எடுக்க வேண்டும், இல்லையென்றால் நிறுத்த வேண்டும் என்ற விதி 2025 ஜூன் 30 முதல் நடப்பில் இருக்கிறது. இதை அப்பாவிடம் சொல்லுங்கள். அரசாங்கம் கண்ணை மூடிக்கொண்டிருக்கும் ஊருக்கு மகளை அனுப்பவில்லை என்பது அவருக்குத் தெரியட்டும்.

இப்போது உங்கள் விஷயம். கொடிசியாவில் இன்டெக் கண்காட்சியைப் பார்த்திருப்பீர்கள். அங்கே லேத் மெஷின் கண்ணெதிரே ஓடும், தொட்டுப் பார்க்கலாம், சத்தத்தை வைத்தே பழக்கப்பட்டவர்கள் தரம் சொல்லிவிடுவார்கள். சிங்கப்பூரில் நீங்கள் பார்க்கப்போவது திரைகளும் டி-ஷர்ட்டுகளும் பேச்சும்தான். சரக்கு முழுக்கக் கோடில் இருக்கிறது, அல்லது இனிமேல்தான் எழுதப்போகிறார்கள். அதனால் கேள்வி கேட்காமல் சுற்றிப் பார்த்தால் ஒன்றும் கிடைக்காது. மெரினா பே சாண்ட்ஸில் 2025 அக்டோபர் 1, 2 தேதிகளில் நடந்தபோது 25,000 பேர் வந்ததாக அமைப்பாளர்கள் கணக்குச் சொன்னார்கள். அவ்வளவு பேரில் உங்களுக்கு வேண்டியவர்கள் ஒரு பத்துப் பேர் இருப்பார்கள். கிளம்புவதற்கு முன்பே அந்தப் பத்துப் பேர் யார் என்று தெரிந்துவைத்திருப்பதுதான் உங்கள் பயணத்தின் பாதி வேலை.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன், எம்.டி. வருத்தப்பட்டாலும் பரவாயில்லை. உங்கள் வேலைக்கு நேர் பொருத்தமான மாநாடு இதுவா என்று கேட்டால், இல்லை. டோக்கன்2049-ன் நடுநாயகம் டிரேடிங், எக்ஸ்சேஞ்ச், ஸ்டேபிள்காயின் (டாலர் மாதிரி ஒன்றோடு மதிப்பைக் கட்டிவைத்த காயின்), புதிய செயின்கள், முதலீடு. சப்ளை செயினில் தடம் காண்கிற வேலை அங்கே ஓரத்தில்தான் இருக்கும். ஃபேப்ரிக் என்று சொன்னதும் சிலர் முகம் மாறும். 'அது பிளாக்செயினே இல்லையே, டேட்டாபேஸ்தானே' என்று நேரடியாகவே சொல்வார்கள். சுருங்கிப் போகாதீர்கள். மில் என்ன விலைக்கு நூல் விற்றது, எந்த பையருக்கு யார் தைக்கிறார்கள் என்பது ஊருக்கே தெரிகிற செயினில் இருந்தால் திருப்பூரில் ஒரு கம்பெனியும் உங்கள் சிஸ்டத்தில் சேராது. அனுமதி பெற்றவர்கள் மட்டும் பார்க்கிற நெட்வொர்க் அதனால்தான். இந்தப் பதில் உங்கள் நாக்கு நுனியில் இருக்கட்டும்.

அடுத்த முறை செலவு செய்வதற்கு முன் எம்.டி.யிடம் வேறு இரண்டு வழிகளைச் சொல்லுங்கள். நவம்பரில் அதே சிங்கப்பூரில் நடக்கும் ஃபின்டெக் ஃபெஸ்டிவலில் வங்கிகளும் டிரேட் ஃபைனான்ஸ் ஆட்களும் அதிகம் வருவார்கள். உங்களை மாதிரி கோட் எழுதுகிறவர்களுக்கு எத்தீரியம் என்ற பொதுச் செயினுக்கான எத்தீரியம் ஃபவுண்டேஷன் நடத்தும் டெவ்கான் மாநாடு இன்னும் நல்லது. 2024-ல் பாங்காக்கில் நடந்தது, 2026-க்கு மும்பை என்று அறிவித்திருக்கிறார்கள். விசா வேண்டாம், ரயிலிலேயே போகலாம். டெவ்கானில் பேசுகிறவர்கள் எதையும் விற்கும் அவசரத்தில் இருப்பதில்லை.

சரி, டிக்கெட் எடுத்தாகிவிட்டது. அதை எப்படிப் பயனாக்குவது?

உங்கள் சிஸ்டத்தின் உண்மையான பலவீனம் எது என்று நினைத்துப் பாருங்கள். பதிந்த தகவலை மாற்ற முடியாது என்பது உங்கள் பலம். பதியும்போதே பொய் சொன்னால் என்ன செய்வது? சாதாரணப் பஞ்சை ஆர்கானிக் என்று மில்லில் ஒருவர் டைப் செய்துவிட்டால், அந்தப் பொய்யும் மாற்ற முடியாததாக, நேரமும் கையெழுத்தும் போட்டு, கடைசிவரை நிற்கும். இதற்கு யார் என்ன வழி வைத்திருக்கிறார்கள் என்பது நீங்கள் எடுத்துப்போக வேண்டிய முதல் கேள்வி. இரண்டாவது கேள்வி, ரகசியம் வெளியே போகாமல் உண்மையை மட்டும் நிரூபிப்பது எப்படி என்பது. ஜீரோ நாலெட்ஜ் புரூஃப் என்ற இந்த வேலையைச் செய்கிறவர்கள் இந்த மாநாட்டில் நிறையப் பேர் இருப்பார்கள், உங்களுக்கு அவர்கள்தான் பொன். மூன்றாவது, உங்கள் ஃபேப்ரிக் பதிவுகளின் ஹாஷை (தகவலின் கைரேகை மாதிரியான சின்னக் குறியீட்டை) மட்டும் அவ்வப்போது ஒரு பொதுச் செயினில் போட்டுவைத்தால் ஐரோப்பிய பையருக்கு நம்பிக்கை கூடுமா, அதற்கு ஆண்டுக்கு என்ன செலவாகும் என்பது. இந்த மூன்றுக்கும் யாரிடம் பதில் இருக்கும் என்று பேச்சாளர் பட்டியலிலும் ஸ்பான்சர் பட்டியலிலும் இப்போதே தேடுங்கள். மாநாட்டு ஆப் வந்ததும் அவர்களுக்கு நான்கு வரியில் மெசேஜ் அனுப்பிப் பதினைந்து நிமிஷம் கேளுங்கள். அங்கே போய் ஆளைப் பிடித்துக்கொள்ளலாம் என்று விட்டால் நடக்காது. முக்கியமானவர்களின் நேரம் அந்த வாரம் தொடங்குவதற்கு முன்பே நிரம்பிவிடும்.

ஸ்டாலில் ஒருவர் அவருடைய சப்ளை செயின் சாதனையை விவரித்தால், டிரேட்லென்ஸை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள். உலகின் மிகப் பெரிய கப்பல் கம்பெனிகளில் ஒன்றான மெர்ஸ்க்கும் ஐ.பி.எம்.மும் சேர்ந்து 2018-ல் கொண்டுவந்த கப்பல் சரக்குத் தளம் அது. உங்கள் சிஸ்டம் மாதிரியே ஃபேப்ரிக்கில் கட்டியது. தொழில்நுட்பம் ஓடியது, துறைமுகங்களும் சேர்ந்தன. ஆனால் துறை முழுவதும் ஒன்றுசேரும் அளவுக்குப் போகவில்லை என்று சொல்லி, 2022 நவம்பரில் மூடுவதாக அறிவித்துவிட்டார்கள். அவ்வளவு பெரிய பெயர்களுக்கே அப்படி. அதனால் உங்கள் கேள்வி இப்படி இருக்கட்டும்: 'பைலட் முடிந்த பிறகும் யார் இதைத் தினமும் பயன்படுத்துகிறார்கள்? நோட், அதாவது நெட்வொர்க்கைத் தாங்கும் கம்ப்யூட்டர், நடத்தும் செலவை யார் தருகிறார்கள்?' நேரடியான பதில் வந்தால் உட்கார்ந்து பேசுங்கள். 'அடுத்த காலாண்டில் பெரிய அறிவிப்பு வருகிறது' என்று பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டு நகருங்கள்.

ஆங்கிலம் பற்றிப் பயந்தீர்கள். கொரியா, வியட்நாம், துருக்கி, உக்ரைன், பிரேசில் என்று எங்கிருந்தெல்லாமோ வருவார்கள். பாதிப் பேருக்குமேல் ஆங்கிலம் வீட்டு மொழி இல்லை. அங்கே இலக்கணத்தை யாரும் கவனிப்பதில்லை. சத்தத்தில் காதில் விழுகிறதா என்பதுதான் பிரச்சினை, நிதானமாகவும் உரக்கவும் பேசினால் போதும். எல்லாரும் முதலில் கேட்பது 'வாட் டு யூ டூ?' அதற்கு மூன்று வாக்கியம் தயார் செய்து, வீட்டில் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். தமிழில் சொல்கிறேன், ஆங்கிலத்தில் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்: 'திருப்பூரில் தைக்கும் சட்டையின் பஞ்சு எங்கிருந்து வந்தது என்பதை ஐரோப்பிய பையர் சரிபார்க்கிற மாதிரி சாஃப்ட்வேர் செய்கிறோம். மில்லில் பதிகிற தகவல் உண்மைதானா என்பதை உறுதிப்படுத்துவது எங்களுக்கு இன்னும் சிக்கலாக இருக்கிறது. நீங்கள் அதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?' மூன்றாவது வாக்கியம் கேள்வியாக முடிவதைக் கவனியுங்கள். பேச்சுப் பாரம் அந்தப் பக்கம் போய்விடும், நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கலாம். கூச்சமுள்ளவர்கள் நன்றாகக் கேட்பார்கள். தன்னைப் பற்றி மட்டுமே எல்லாரும் பேசுகிற கூட்டத்தில் காதுகொடுத்துக் கேட்கிறவரை மறக்க மாட்டார்கள்.

இன்னொன்றும் கையில் வைத்திருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024-ல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி பொருள்களுக்கு டிஜிட்டல் புராடக்ட் பாஸ்போர்ட், அதாவது அந்தப் பொருளின் விவரங்கள் அடங்கிய மின்பதிவு, வரப்போகிறது, முதலில் வரப்போகிறவற்றில் துணியும் ஒன்று. அதற்குப் பிளாக்செயின் கட்டாயம் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. ஆனால் உங்கள் வாடிக்கையாளர்கள் தகவல் கொடுத்தே ஆக வேண்டிய காலம் வருகிறது. அந்த மாநாட்டில் பலர் பேசுவது நாளைக்கு வரலாம் என்கிற தேவையைப் பற்றி. உங்களிடம் இருப்பது சட்டமே உண்டாக்கும் தேவை. அதை அடக்கமாக, ஆனால் தெளிவாகச் சொல்லுங்கள்.

மேடைப் பேச்சுகளுக்கு அதிக நேரம் செலவழிக்க வேண்டாம். முக்கிய உரைகள் பெரும்பாலும் யூடியூபில் வந்துவிடும், ஊருக்கு வந்து நிதானமாகப் பார்க்கலாம். பேசி முடித்துவிட்டு மேடையை விட்டு இறங்கும் ஆளைப் பிடிக்க வேண்டுமென்றால் மட்டும் அரங்கத்தின் முன்வரிசைப் பக்கம் போய் உட்காருங்கள்.

உண்மையான மாநாடு பாதி மண்டபத்துக்கு வெளியேதான் நடக்கும். அந்த வாரம் முழுக்க நகரமெங்கும் நூற்றுக்கணக்கில் சைடு ஈவன்ட்கள் இருக்கும். காலைச் சிற்றுண்டி சந்திப்பு, டெவலப்பர் பட்டறை, முதலீட்டாளர் மதிய உணவு, இரவு பார்ட்டி என்று விதவிதமாக. பெரும்பாலும் லூமா ஆப்பில் பதிய வேண்டும், நடத்துகிறவர் அனுமதித்தால்தான் உள்ளே விடுவார்கள். நல்ல பட்டறைகள் மூன்று, நான்கு வாரம் முன்பே நிரம்பிவிடும். பதியும்போது 'நீங்கள் யார், ஏன் வருகிறீர்கள்' என்ற கட்டத்தை வெறுமனே விடாதீர்கள், அதைப் படித்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரு நாளைக்கு இரண்டுக்கு மேல் போடாதீர்கள். போக முடியாவிட்டால் பதிவை ரத்து செய்துவிடுங்கள், காத்திருக்கும் இன்னொருவருக்கு இடம் கிடைக்கும். முப்பது பேர் உட்கார்ந்து பேசுகிற ஜீரோ நாலெட்ஜ் பட்டறை ஒன்று, ஆயிரம் பேர் ஆடுகிற இரவு பார்ட்டிகள் எத்தனையைவிடவும் உங்களுக்குப் பயன்படும்.

இரவு நிகழ்ச்சிகள் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்தத் துறையில் ஆண்கள்தான் அதிகம், மாநாட்டிலும் அப்படித்தான் இருக்கும். மது தாராளமாக ஓடும். குடிக்காமல் இருப்பது அங்கே ஒரு பொருட்டே இல்லை, கையில் சோடாவோடு நிற்பவர்கள் நிறைய. சிங்கப்பூர் தெருக்கள் இரவிலும் பாதுகாப்பானவை, எம்.ஆர்.டி. ரயில் நள்ளிரவை ஒட்டி வரை ஓடும். ஆனாலும் கூட வரும் அண்ணனிடம், எங்கே இருக்கிறோம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது, சேர்ந்து திரும்புவது என்று முதல் நாளே பேசிவையுங்கள். 'முக்கியமான ஆள் ரூமில் இருக்கிறார், அங்கே போய்ப் பேசலாம்' என்று யார் அழைத்தாலும் போகாதீர்கள். தொழில் பேச லாபியும் காபிக் கடையும் இருக்கின்றன. ஒருவர் நடந்துகொள்வது சரியில்லை என்று பட்டால் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்காமல் நகர்ந்துவிடுங்கள், மண்டபத்துக்குள் என்றால் ஊழியர்களிடம் சொல்லுங்கள். அதனால் எந்த வாய்ப்பும் கைவிட்டுப் போகாது.

இனி என் தொழில் விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள். கூட வரும் அண்ணனையும் படிக்கச் சொல்லுங்கள்.

ஸ்டால் ஸ்டாலாக கியூ.ஆர். கோடு ஒட்டியிருப்பார்கள். 'ஸ்கேன் செய்து வாலட்டை இணையுங்கள், டோக்கன் இலவசம்.' இணைத்ததும் ஒரு பெட்டி வரும், 'அப்ரூவ்' என்றோ 'சைன்' என்றோ கேட்கும். அப்ரூவ் என்பது, உங்கள் வாலட்டில் இருக்கும் குறிப்பிட்ட டோக்கனை அந்தக் கான்ட்ராக்ட் எடுத்துக்கொள்ளலாம் என்று நீங்கள் தரும் அனுமதி. எவ்வளவு எடுக்கலாம் என்ற இடத்தில் பெரும்பாலும் வரம்பே இல்லாத எண் இருக்கும். இன்றைக்கு ஒன்றும் நடக்காது. நீங்கள் அந்த அனுமதியை ரத்து செய்யாதவரை, ஆறு மாதம் கழித்தும் எடுக்கலாம். சைன் இன்னும் ஏமாற்றும். கட்டணம் ஏதும் பிடிக்காததால் வெறும் லாகின் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். அந்தக் கையெழுத்தையே அனுமதிச் சீட்டாகப் பயன்படுத்திப் பணத்தை நகர்த்த முடியும். நல்ல கம்பெனியின் ஸ்டாலாகவே இருந்தாலும், அதன் கியூ.ஆர். மேல் வேறொருவர் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் உங்களுக்கு எப்படித் தெரியும்? எனவே புதிதாக ஒரு வாலட் திறந்து, அதில் ஒன்றுமே வைக்காமல், அதை மட்டும் கொண்டுபோங்கள். சொந்தமாகக் காயின் வைத்திருக்கும் வாலட் ஊரிலேயே இருக்கட்டும். வாலட்டுக்கே சாவியான, 12 அல்லது 24 சொற்கள் கொண்ட சீட் ஃப்ரேஸை எந்த ஊழியரும், எந்தப் பரிசுக்காகவும், எந்தச் சிக்கலைச் சரிசெய்யவும் கேட்க மாட்டார். கேட்டால் அவர் திருடர்.

விவரம் தெரிந்தவர்களுக்கு இது நடக்காது என்று நினைக்க வேண்டாம். 2025 பிப்ரவரியில் பைபிட் எக்ஸ்சேஞ்சிலிருந்து ஏறத்தாழ 150 கோடி டாலர் எத்தீரியம் போனது. கையெழுத்துப் போட்டவர்கள் அந்தக் கம்பெனியின் பொறுப்பான ஆட்கள். திரையில் வழக்கமான பரிமாற்றம் தெரிந்தது, அடியில் கையெழுத்தானது வேறொன்று. திரையில் தெரிவதும் கையெழுத்தாவதும் ஒன்றுதானா என்று சரிபார்க்க முடியாத இடத்தில் கையெழுத்தே போடாமல் இருப்பதுதான் பாதுகாப்பு. கூட்ட நெரிசலில், நின்றபடியே, ஃபோனில் பார்ப்பது அப்படிப்பட்ட இடம்தான்.

அலுவலக லேப்டாப்பிலும் இதே கவனம் வேண்டும். உங்கள் ஃபேப்ரிக் நெட்வொர்க்கின் அட்மின் சர்ட்டிஃபிகேட்டும் பிரைவேட் கீயும் அதில் இருந்தால் கிளம்பும் முன் அகற்றிவிடுங்கள். டெமோவுக்குப் பொய்யான பெயர்களும் எண்களும் போட்ட தனி நெட்வொர்க் ஒன்றை எழுப்பிக்கொள்ளுங்கள், திருப்பூர் வாடிக்கையாளரின் உண்மைப் பெயர் ஸ்க்ரீன்ஷாட்டில்கூட இருக்கக் கூடாது. மண்டபத்து வைஃபையைவிட உங்கள் சிம்மின் டேட்டா நல்லது. பரிசாகத் தரும் பென் டிரைவை எந்த மெஷினிலும் செருகாதீர்கள்.

விசிட்டிங் கார்டு கொஞ்சம் போதும். அங்கே எல்லாரும் டெலிகிராம் கியூ.ஆர்.-ஐத்தான் நீட்டுவார்கள். போவதற்கு முன் டெலிகிராமில் யூசர்நேம் ஒன்று வைத்துக்கொண்டு, ஃபோன் நம்பரை யாரும் பார்க்க முடியாதபடி மாற்றுங்கள், உங்களைக் குழுக்களில் சேர்க்கும் அனுமதியைத் தெரிந்தவர்களோடு நிறுத்துங்கள், இரண்டடுக்குப் பாஸ்வேர்டு போடுங்கள். மாநாடு முடிந்த வாரத்தில், நீங்கள் சந்தித்தவரின் பெயரும் படமும் வைத்துக்கொண்டு வேறொருவர் எழுதலாம். யூசர்நேம் எழுத்துக்கு எழுத்து அதுதானா என்று பாருங்கள்.

காயின் வாங்கச் சொன்னால் என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். அந்த நான்கைந்து நாளில் எதையும் வாங்காதீர்கள், எவ்வளவு சின்னத் தொகையாக இருந்தாலும். 'கம்பெனி வேலையாக வந்திருக்கிறேன், தனிப்பட்ட முதலீடு செய்வதில்லை' என்று சொன்னால் அதற்கு மேல் யாரும் வற்புறுத்த மாட்டார்கள். வற்புறுத்தினால் அதுவே உங்களுக்குப் பதில். நம் நாட்டு வரியையும் நினைவில் வையுங்கள். 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி, ஒன்றில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. இலவசமாகக் கிடைத்த டோக்கனுக்கு மதிப்பிருந்தால் அதுவும் வரிக் கணக்கில் வரலாம் என்பதால், ஏதாவது வாங்கிக்கொண்டு வந்துவிட்டால் ஆடிட்டரிடம் சொல்லிவிடுங்கள்.

பயண விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்தியப் பாஸ்போர்ட்டுக்குச் சிங்கப்பூர் விசா வேண்டும், அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட் மூலமாகத்தான் விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். மாநாட்டுப் பதிவு உறுதிக் கடிதத்தையும் கம்பெனிக் கடிதத்தையும் சேர்த்து வையுங்கள். இறங்குவதற்கு முன், இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் எஸ்.ஜி. அரைவல் கார்டை அரசுத் தளத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம், பணம் கேட்கிற தளம் போலி. ஃபார்முலா 1 பந்தயம் நடக்கிற வாரத்தை ஒட்டியே இந்த மாநாட்டை வைக்கிறார்கள், அதனால் ஹோட்டல் வாடகை ஏறிக்கொண்டே போகும், இன்றைக்கே பதிவு செய்யுங்கள். மெரினா பேயில் தங்க வேண்டியதில்லை. லிட்டில் இந்தியாவில் தங்குங்கள். அங்கிருந்து டவுன்டவுன் லைனில் ஏறினால் ரோச்சோர், பூகிஸ், ப்ராமனேட், அடுத்தது பேஃப்ரன்ட். நான்கே ஸ்டேஷன், மாறி ஏற வேண்டாம், மண்டபத்தின் அடியிலேயே இறங்குவீர்கள். சாப்பாட்டுக் கவலையும் தீர்ந்தது. சிராங்கூன் ரோட்டில் இட்லியும் சைவச் சாப்பாடும் தாராளமாகக் கிடைக்கும், ஆர்டரைத் தமிழிலேயே சொல்லலாம். மண்டபத்துக்குள் மதியச் சாப்பாட்டு வரிசை நீளம், காலையில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

உடை பற்றிக் கவலைப்படாதீர்கள், கோட்டு சூட்டு வேண்டாம். சுடிதார், ஜீன்ஸ், உங்களுக்கு எது சௌகரியமோ அது. உள்ளே ஏ.சி. குளிர் நடுக்கும், வெளியே புழுக்கம், எனவே மெல்லிய ஸ்வெட்டர் ஒன்று பையில் இருக்கட்டும். செருப்பு மட்டும் பழகிய செருப்பாக இருக்கட்டும், நாள் முழுக்க நிற்க வேண்டும். பேட்ஜை முந்தின நாளே வாங்கிக்கொள்ள வசதி இருந்தால் வாங்கிவிடுங்கள், முதல் நாள் காலை வரிசையில் ஒரு மணி நேரம்கூடப் போய்விடும்.

ஒவ்வொரு நாள் இரவும் தூங்கும் முன், அன்று சந்தித்தவர்கள் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே ஒரு வரி எழுதுங்கள்: என்ன பேசினோம், நான் என்ன அனுப்புவதாகச் சொன்னேன். மறுநாள் எல்லா முகமும் ஒன்றாகிவிடும். ஊருக்குத் திரும்பி இரண்டு, மூன்று நாளுக்குள் அனுப்ப வேண்டியதை அனுப்பிவிடுங்கள். எம்.டி.க்குத் தரும் ரிப்போர்ட்டில் எத்தனை பேரைப் பார்த்தோம், எத்தனை ஸ்டால் சுற்றினோம் என்று எழுத வேண்டாம். நாம் எடுத்துப்போன மூன்று கேள்விகள் இவை, ஒவ்வொன்றுக்கும் யார் என்ன பதில் சொன்னார்கள், அதில் எது நமக்கு ஒத்துவரும், எது வராது, ஏன் என்று இரண்டு பக்கம் எழுதுங்கள். தடம் காண்கிற வேலைக்கு அங்கே ஆளே இல்லை என்று தெரிந்தால் அதையும் அப்படியே எழுதுங்கள். அடுத்த ஆண்டுச் செலவைத் தீர்மானிக்க அவருக்கு அந்த வரிதான் தேவை.

கடைசியாக, வேலைவாய்ப்பு. நன்றாகப் பேசினால் உங்களுக்கு வேலை தருவதாகச் சிலர் சொல்லக்கூடும், அதில் உண்மையானவையும் இருக்கும். ஆனால் 2022 மார்ச்சில் ஆக்ஸி இன்ஃபினிட்டி விளையாட்டின் ரோனின் நெட்வொர்க்கிலிருந்து 60 கோடி டாலருக்கு மேல் திருடு போனதன் தொடக்கம் ஒரு வேலைக் கடிதம் என்று பின்னால் செய்தி வந்தது. ஆசை காட்டும் சம்பளம், பல சுற்று நேர்காணல், கடைசியில் பி.டி.எஃப்.பாக ஓர் ஆஃபர் லெட்டர். எஞ்சினியர் அதை அலுவலகக் கம்ப்யூட்டரில் திறந்தார், உள்ளே புகுந்துவிட்டார்கள். வட கொரிய ஹேக்கர்களின் வேலை என்று எஃப்.பி.ஐ. சொன்னது. எனவே வேலை பேசுகிறவர் அனுப்பும் ஃபைலையோ, 'இந்தக் கோடை ஓட்டிப் பார்த்துச் சொல்லுங்கள்' என்று தரும் டெஸ்ட்டையோ, வீடியோ காலுக்கு என்று இன்ஸ்டால் செய்யச் சொல்லும் ஆப்பையோ அலுவலக லேப்டாப்பில் தொடாதீர்கள். கம்பெனியின் அதிகாரபூர்வ இணையதளத்தில் அந்த வேலை அறிவிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அந்தத் தளத்தில் உள்ள மின்னஞ்சலுக்கு நீங்களே எழுதி, இன்னார் உங்கள் ஆள்தானா என்று கேளுங்கள். உண்மையான கம்பெனி அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாது.